பேர் விழாத மாந்தர்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒருநாள் வேலையை நிறைவேற்றியவருக்குப் பேர் விழும். குறையச் செய்தவருக்கு அரைப்பேர். அப்பேரைப் பதிந்த செக்ரோலே கூலியை நிர்ணயித்தது. லயத்து அறையும் உழைப்பவரை முன்னிட்டே வழங்கப்பெற்றது. கண்ணொளி இழந்தோர்க்கும் கால் வலுவிழந்தோர்க்கும் அவ்வேட்டில் இடமில்லை. உறவினரின் உழைப்பே அவர்தம் உணவும் உறையுளும் ஆயிற்று.

1934ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம், தொழிலின்போது ஊனமுற்றவருக்கு இழப்பீடு வகுத்தது. பிறவியிலேயே குறையுடையவரோ அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவர்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. பின்னர் நெதர்லாந்து, நோர்வே, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் உதவி தோட்டங்களை நாடி வந்தது. குடிநீர், மலசலகூடம், வீடு, பிள்ளைக் காம்பரா என அதனால் விளைந்த நன்மை மறுத்தற்கரியது. எனினும், கட்டடங்களின் தொகையை மட்டும் எண்ணுவது போதுமோ? செங்குத்தான படிகளுக்குக் கீழே அமைந்த மலசலகூடம், நடக்க இயலாதவருக்கு இல்லாத ஒன்றேயாம்.

இக்குறையை உலகம் உணர்ந்ததன் பயனாக, 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சாசனத்தை ஏற்றது. சர்வதேச அபிவிருத்தித் திட்டங்கள் அன்னோரையும் உள்ளடக்கி அமைதல் வேண்டும் என்று அதன் 32ஆம் உறுப்புரை விதிக்கின்றது. அனர்த்த காலத்தில் அவர்களைக் காத்தல் அரசின் கடன் என்கிறது 11ஆம் உறுப்புரை. இலங்கை அச்சாசனத்தை 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து பல உயிர்களைப் புதைத்தது. காது கேளாதவருக்கு எச்சரிக்கை எவ்வாறு எட்டும், ஓட இயலாதவரைத் தூக்கிச் செல்பவர் யார் என்னும் வினாக்கள் வெறும் ஏட்டுவினாக்கள் அல்ல என்பதை அச்சரிவு உணர்த்திற்று.

மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என 2017இல் இந்தியா அறிவித்தது. இத்தகைய திட்டம் எதுவாயினும், வரைபடம் தீட்டுமுன் வலுவிழந்தோர் எவரெவர் என்று லயந்தோறும் கேட்டறிதலும், அவர்தம் கருத்தைப் பெறுதலும் முதற்பணியாதல் வேண்டும். வாயிலிலே ஒரு சாய்தளமும் அகலமான கதவும் முன்னரே திட்டமிட்டால் சிறுசெலவில் முடியும். கட்டியபின் இடித்து அமைத்தல் பெருஞ்செலவு. உழைப்பவரை மட்டும் எண்ணியது செக்ரோல். அபிவிருத்தியின் ஏடோ அங்கு வாழ்வோர் அனைவரையும் எண்ணுதல் வேண்டும்.