4294967297

4294967297 (429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297) பத்து இலக்க ஒற்றைப்படை எண். 2³² + 1 என்று சுருக்கி எழுதலாம். ஃபெர்மா எண்களை 3 தொடங்கி சுழியிலிருந்து எண்ணுவது வழக்கம்; அந்தக் கணக்கில் இது ஐந்தாம் ஃபெர்மா எண்.

2, 4, 16, 256 என முந்தையதன் வர்க்கத்தை அடுத்ததாக வைத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். ஃபெர்மா எண்கள் எனப்படும் இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று கணிதவியலர் பியர் டி ஃபெர்மா 1640இல் ஒரு கடிதத்தில் எழுதினார். முறையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. 1729இல் கணிதவியலர் கோல்ட்பாக் இந்தக் கேள்வியைச் சக கணிதவியலர் ஆய்லரிடம் கொண்டுசென்றார். 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 = 641 × 6700417.

641 எப்படி அகப்பட்டது? இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதியின்றிப் போகிறது.

வகுத்தே பார்க்காமலும் இதைக் காட்டலாம். எண்ணியலின் மிக அழகிய குறு நிறுவல்களில் ஒன்று அது. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1க்குச் சமானம். இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமானம். இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴; எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். −2³² என்பது 1க்குச் சமானம் என்றாகிறது. அதாவது 2³² + 1ஐ 641 மீதியின்றி வகுக்கும்.

இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதை இரண்டு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணுக்கு ஒரு விதத்துக்கு மேல் அமையாது. இது பகு எண் என்பதற்கு இதுவே தனிச் சான்று.

1, 641, 6700417, தான் என நான்கே வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகை 4301668356.

பகா எண்ணைச் சோதிக்க உதவும் ஃபெர்மாவின் சிறு தேற்றமும் அதே 1640இல் வந்ததுதான். 2ஐ அடியாக வைத்தால் இந்த எண் அந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் இது போலிப் பகா எண் எனப்படும். 3ஐ அடியாக வைத்தால் தேறாது. அந்தக் கணக்கை ஃபெர்மா போட்டுப் பார்த்திருந்தால், ஆய்லருக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

இதைவிட 2 குறைவான 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. கணினியில் குறியில்லா 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் அது. அதன் ஐந்து காரணிகளுக்கும் வடிவியலில் தனி இடமுண்டு. பகாப் பக்க எண்ணிக்கை கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடிவது, அந்தப் பகா எண் ஃபெர்மா எண்ணாகவும் இருந்தால்தான். அத்தகைய பகா எண்களாக இன்றுவரை அறியப்பட்டவை அந்த ஐந்து மட்டுமே.