பிக்குவெரி - லுக்கர் ஸ்டூடியோ: இணைப்பது ஈஸி... பில் யாருக்கு வரும்?

எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதைத் தாண்டிய விற்பனைக் கணக்கை கூகுளின் பிக்குவெரியில் சேமித்து, லுக்கர் ஸ்டூடியோவில் கிராஃபாகப் பார்க்கிறார்கள். இணைப்பது பெரிய வேலை இல்லை. புதிய ரிப்போர்ட்டில் பிக்குவெரி கனெக்டரைத் தேர்வு செய்து புராஜெக்ட், டேட்டாசெட், டேபிள் என வரிசையாக கிளிக் செய்தால் போதும்.

சிக்கலே அதுக்கப்புறம்தான். லுக்கர் ஸ்டூடியோ இலவசம். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் தேதியை மாற்றினால்கூட, பெரும்பாலும் பிக்குவெரிக்குப் புதிதாக ஒரு குவெரி போகும். ஆன்-டிமாண்ட் முறையில், படிக்கப்படும் தரவின் அளவுக்குத்தான் கட்டணம். மாதம் 1 டெராபைட் வரை இலவசம், பிறகு மீட்டர் ஓடும். பில் வருவது பார்ப்பவருக்கு அல்ல, இணைக்கும்போது தேர்வு செய்த பில்லிங் புராஜெக்ட்டுக்கு! திரையில் 10 வரிதானே தெரிகிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. டேபிளைத் தேதிவாரியாகப் பிரித்து 'பார்ட்டிஷன்' செய்திருந்தால், கேட்ட நாட்களின் தரவை மட்டுமே படிக்கும். தினசரி உச்சவரம்பும் வைக்கலாம்.

பணத்தைவிட முக்கியமானது இன்னொன்று. 'ஓனர் கிரெடென்ஷியல்' முறையில் இணைத்த ரிப்போர்ட்டை, 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என ஷேர் செய்தால், பிக்குவெரி அனுமதியே இல்லாதவருக்கும் தரவு தெரியும். வாடிக்கையாளர்களின் போன் நம்பர் அதில் இருந்தால் அதுவும்தான். 'வியூவர் கிரெடென்ஷியல்' என மாற்றிவிட்டால், அனுமதி உள்ளவருக்கு மட்டுமே கிராஃப் திறக்கும்.