காசநோயின் பின்னால் மறையும் நுரையீரல் புற்றுநோய்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், எடைக் குறைவு. இவற்றைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது காசநோய்தான். ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கும் இதே அறிகுறிகள் உண்டு. அரிதாக, இரண்டும் ஒரே நுரையீரலில் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

எப்படிச் சேருகின்றன?

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் கண்டறிந்தார். இக்கிருமி நுரையீரலில் நீண்டகால அழற்சியையும் ஆறாத தழும்புகளையும் உண்டாக்குகிறது. அங்குள்ள செல்கள் திரும்பத் திரும்பச் சேதமடைவதால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மறுபுறம், புற்றுநோயும் அதற்கான கீமோதெரபியும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை ஆகியவை இரண்டு நோய்களுக்கும் துணைபோகின்றன. புகைபிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது.

ஏன் தவறிவிடுகிறது?

எக்ஸ்ரே படத்தில் இரண்டின் நிழலும் ஒன்றுபோலவே தெரியும். சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியானாலும், புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. சதைப் பரிசோதனைதான் அதை உறுதிசெய்யும்.

கொல்லிமலை போன்ற மலையூர்களில் சிரமம் இன்னும் அதிகம். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். மறுபரிசோதனைக்காக மலை இறங்குவதைத் தள்ளிப்போடத் தோன்றும். அந்தத் தாமதத்தில் புற்றுநோய் முற்றிவிடலாம். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

எப்போது மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் இருமலோ எடைக் குறைவோ நிற்காவிட்டால்
* குரல் கம்மிப்போனால், தோளிலோ நெஞ்சிலோ வலி விடாமல் இருந்தால்
* முன்பு காசநோய் குணமானவருக்கு மீண்டும் சளியில் இரத்தம் வந்தால்

அப்போது சிடி ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதோடு ஒப்பிட உதவும்.

கவனிக்க வேண்டியவை

காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அதிலுள்ள ரிஃபாம்பிசின், சில புற்றுநோய் மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும். ஆகவே இரண்டு மருத்துவர்களிடமும் எல்லா மருந்துகளையும் காட்டுங்கள். புற்றுநோய் தொற்றாது. காசநோயும் முறையான சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலும் பரவும் தன்மையை இழக்கிறது. நோயாளியை ஒதுக்கி வைக்காமல், வேளைக்கு மருந்தும் சத்தான உணவும் கொடுத்து, பரிசோதனைக்குக் கூடச் செல்வதே குடும்பம் செய்யக்கூடிய பேருதவி.