அடமானப் பத்திரம் எரித்தல் முதல் சுவர் வரைபடம் வரை: அமெரிக்கச் சேமிப்பு மரபில் மைல்கற்களும் அவற்றின் கொண்டாட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

முன்கூட்டிய ஓய்வை இலக்காகக் கொண்டு சேமிப்போர், வழியில் எட்டும் நிலைகளை மைல்கற்களாகக் குறித்துக் கொண்டாடும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அண்மைக் காலத்தில் வேரூன்றியுள்ளது. இக்கட்டுரை அவ்வழக்கத்தின் வரலாற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கி ஆராய்கிறது. கடன் தீர்ந்ததைக் கொண்டாடிய பழைய சடங்கு, மீண்டும் மாறாத ஒரு நிகழ்வைக் குறித்தது. சேமிப்பின் வளர்ச்சியைக் கொண்டாடும் புதிய வழக்கம், சந்தையின் ஏற்ற இறக்கத்தால் பின்னோக்கிச் செல்லக்கூடிய நிலையைக் குறிக்கிறது. சேமிப்பின் அடித்தளம் அரசுக் கடன் பத்திரங்களிலிருந்து பங்குகளுக்கு நகர்ந்ததே இம்மாற்றத்தின் முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சேமிப்பு, முன்கூட்டிய ஓய்வு, அடமானம், சுவர் வரைபடம், கடப்புப் புள்ளி, மைல்கல்

முன்னுரை

தம் சேமிப்பு ஒரு நிலையை எட்டியதும் அதனைக் கொண்டாடுவது எக்காலத்துக்கும் பொதுவான மனித இயல்பு போலத் தோன்றலாம். ஆயினும் எந்த நிலையைக் கொண்டாடுவது, அதனை எந்த அளவையால் அளப்பது, யார் முன்னிலையில் கொண்டாடுவது ஆகிய மூன்றும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. அம்மாற்றங்களைத் தொடர்ந்து நோக்கினால், உழைப்பையும் ஓய்வையும் ஒரு சமூகம் எவ்வாறு மதிப்பிட்டது என்பது புலனாகும்.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் வழங்கும் 'விருப்ப ஓய்வு' என்னும் தொடர், பணிவிதிகளுக்கு உட்பட்டு, ஓய்வுப் பயன்களுடன் ஊழியர் உரிய காலத்துக்கு முன்பே பணியிலிருந்து விலகுவதைக் குறிக்கும். இங்கு ஆராயப்படுவது, தம் சேமிப்பிலிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டே எஞ்சிய வாழ்நாளை நடத்தத் துணிந்து ஊதிய உழைப்பை விடுவதாகும். எனவே 'முன்கூட்டிய ஓய்வு' என்னும் தொடர் இக்கட்டுரையில் கையாளப்படுகிறது. 'முன்கூட்டிய' என்னும் அடைமொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஓய்வூதிய வயதை 65 என வரையறுத்தது. 62 வயதில் குறைந்த தொகையுடன் ஓய்வூதியம் பெறும் உரிமை பெண்களுக்கு 1956இலும் ஆண்களுக்கு 1961இலும் வழங்கப்பட்டது. அரசு ஒரு வயதை நிலைநிறுத்திய பின்னரே அதற்கு 'முன்' என்று பேசுவது அமெரிக்கர்களுக்குப் பொருளுடையதாயிற்று.

1. இரு முன்னோடிகள்

இவ்வியக்கத்தார் தம் முன்னோடிகளாகச் சுட்டுவோருள் பெஞ்சமின் பிராங்க்ளின், ஹென்றி டேவிட் தொரோ ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். பிராங்க்ளின் 1748இல், தம் 42ஆம் வயதில், பிலடெல்பியாவில் நடத்திவந்த அச்சகத்தைத் தம் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்தார். 18 ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட அவ்வொப்பந்தத்தின்படி இலாபத்தில் ஒரு பாதி பிராங்க்ளினுக்கு உரியதாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் கேட்வாலடர் கோல்டனுக்கு எழுதிய மடலில், அமைதியான பகுதிக்குக் குடிபெயர்ந்ததையும், பழைய கணக்குகளைத் தீர்த்து வருவதையும், விரைவில் தம் நேரத்துக்குத் தாமே தலைவராகவிருப்பதையும் அவர் தெரிவித்தார். எட்டிய தொகையைப் பற்றிய பெருமிதம் அதில் இல்லை. கணக்கு முடிவதும் நேரம் கைவருவதுமே அவர் குறித்த மைல்கற்கள்.

தொரோ 1845 ஜூலை 4 அன்று, நாட்டின் விடுதலை நாளில், வால்டன் குளக்கரையில் தாம் கட்டிய குடிலில் குடியேறினார். 1854இல் வெளிவந்த தம் 'வால்டன்' நூலில் அக்குடிலுக்கான செலவை 28 டாலர் 12½ செண்ட் எனக் கணக்கிட்டுக் காட்டினார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு வார உழைப்பே தம் வாழ்க்கைச் செலவுக்குப் போதுமானது என்றும், ஒரு பொருளின் உண்மையான விலை அதற்கு ஈடாகக் கொடுக்கப்படும் வாழ்நாளின் அளவே என்றும் அவர் கருதினார். பிராங்க்ளின் வருவாயைப் பெருக்கி அடைந்ததைத் தொரோ செலவைச் சுருக்கி அடைந்தார். இவ்விரு வழிகளும் பிற்காலத்தில் ஒரே வரைபடத்தின் இரு கோடுகளாயின.

இவ்விருவரின் ஓய்வும் பிறர் உழைப்பின் மீதும் உடைமையின் மீதும் நின்றது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அச்சகத்தை நாள்தோறும் நடத்தியவர் ஹால். பிராங்க்ளின் இல்லத்தில் மனைவி டெபோராவின் உழைப்போடு அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரின் உழைப்பும் இருந்தது. தொரோ குடிலமைத்த நிலம் எமர்சனுக்கு உரியது.

2. நிறுவனங்கள் நட்ட மைல்கற்கள்

பொதுமக்களின் சிறுசேமிப்புக்கான வங்கிகள் பாஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் 1816இல் தோன்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேமிப்புக்குக் காலவரையறையும் முடிவு நாளும் வகுத்த திட்டங்கள் பெருகின. பென்சில்வேனியாவின் கார்லைல் நகர வங்கியொன்று 1909இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சேமிப்புத் திட்டம் இவற்றுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. வாரந்தோறும் சிறுதொகை செலுத்துவோர் டிசம்பரில் முழுத்தொகையையும் பெற்றனர். இங்குக் கொண்டாட்டத்துக்காகவே சேமிப்பு நிகழ்ந்தது. பண்டிகை முடிந்ததும் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியது.

முதல் உலகப்போரின்போது அரசு 25 செண்ட் மதிப்புள்ள சிக்கன முத்திரைகளை வெளியிட்டது. 16 முத்திரைகள் ஒட்டப்பட்டு அட்டை நிரம்பியதும், அதனுடன் சில செண்டுகள் சேர்த்துப் போர்ச் சேமிப்பு முத்திரை ஒன்றைப் பெறலாம். இரண்டாம் உலகப்போரில் 18.75 டாலருக்கு விற்கப்பட்ட 'ஈ' வரிசைப் பத்திரம் பத்தாண்டுகளில் 25 டாலராக முதிர்ந்தது. நிரம்பிய அட்டை கண்ணால் காணத்தக்க மைல்கல்லாக இருந்தது. ஆயினும் அதனை நட்டது அரசு. அது சுட்டிய இலக்கு போர் வெற்றி. பிராங்க்ளினின் பிறந்தநாளான ஜனவரி 17ஐ ஒட்டிக் கடைப்பிடிக்கப்பட்ட தேசியச் சிக்கன வாரமும் சேமிப்பைக் குடிமைப் பண்பாகவே போற்றியது. சேமிப்பு உழைப்பிலிருந்து விடுவிக்கும் என்னும் கருத்து இவற்றில் முதன்மை பெறவில்லை.

3. எரிக்கப்பட்ட பத்திரம்

தனிமனிதப் பணவாழ்வில் பலர் கூடிக் கொண்டாடிய தெளிவான சடங்கு, அடமானப் பத்திரத்தை எரிப்பதாகும். தேவாலயங்களும் சங்கங்களும் தம் கட்டடக் கடன் தீர்ந்தபோது இதனை நடத்தின, குடும்பங்களும் பின்பற்றின. 1930களுக்கு முன்பு வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் குறுகிய காலத்தவை; வட்டி மட்டும் செலுத்தப்பட்டு, இறுதியில் முதல் முழுவதும் ஒருசேரக் கோரப்பட்டது. 1934ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் நீண்டகாலச் சமமாதத் தவணைமுறை பரவியது. 1944இல் இயற்றப்பட்ட போர்வீரர் நலச்சட்டம் வீட்டுக்கடனை மேலும் பலருக்கு எட்டச் செய்தது. இதனால் கடைசித் தவணை நாள் என்பது சாதாரணக் குடும்பத்துக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒரு நாளாயிற்று.

இச்சடங்கின் இரு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, அது மீளாத நிகழ்வைக் குறித்தது. தீர்ந்த கடன் சந்தை வீழ்ந்தாலும் திரும்பி வாராது. இரண்டாவது, அதனை அண்டை வீட்டார் முன்னிலையில் நடத்த இயன்றது. கடன் தீர்ந்தது என்று அறிவிப்பவர் தம்மிடம் எவ்வளவு உள்ளது என்று சொல்ல வேண்டியதில்லை. சேமிப்புத் தொகையை அறிவிப்பதோ பொறாமையையும் கைம்மாற்று வேண்டுகோளையும் அழைப்பதாகும். கடன் தீர்வுக்குப் பொதுச்சடங்கு அமைந்ததும் சேமிப்புக்கு அமையாததும் இதனால் விளங்கும்.

4. சுவர் வரைபடம்

சேமிப்பின் வளர்ச்சிக்கெனத் தனியொரு கொண்டாட்ட வடிவம் அமைந்ததில் ஜோ டொமிங்கெஸின் பங்கு பெரிது. வால் ஸ்ட்ரீட்டில் பகுப்பாய்வாளராகப் பணியாற்றிய அவர் 1969இல், தம் 31ஆம் வயதில், ஓய்வு பெற்றார். தம் முறையைக் கருத்தரங்குகள் வாயிலாகவும் ஒலிநாடாக்கள் வாயிலாகவும் கற்பித்த பின், விக்கி ராபினுடன் இணைந்து 1992இல் 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' என்னும் நூலை வெளியிட்டார். 'பணமா, உயிரா' என்னும் வழிப்பறியாளனின் மிரட்டலே நூலின் தலைப்பாயிற்று.

நூல் வகுத்த ஒன்பது படிகளுள் ஐந்தாவது, சுவரில் மாட்டும் வரைபடம். மாதந்தோறும் வருவாய்க்கு ஒரு கோடு, செலவுக்கு ஒரு கோடு. பின்னர் முதலீட்டு வருவாய்க்கு மூன்றாவது கோடு. மூன்றாவது கோடு செலவுக் கோட்டைத் தாண்டும் இடம் 'கடப்புப் புள்ளி'. அன்றுமுதல் ஊதிய உழைப்பு கட்டாயமாக இராது. செலவிடும் ஒவ்வொரு டாலரையும் அதனை ஈட்டச் செலவான வாழ்நாள் நேரமாக மாற்றிக் காணும் பயிற்சியையும் நூல் வற்புறுத்தியது. தொரோவின் அளவை இவ்வாறு மாதாந்திரக் கணக்கேட்டில் இடம்பெற்றது.

மூன்றாவது கோட்டின் தன்மை இங்கு முக்கியமானது. டொமிங்கெஸ் பரிந்துரைத்த முதலீடு அமெரிக்க அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள். அவற்றின் வட்டி முதிர்வுவரை மாறுவதில்லை. எனவே ஒருமுறை உயர்ந்த கோடு எளிதில் தாழாது. பத்திரத்தை எரித்தோர் பெற்ற உறுதியில் ஒரு பங்கேனும் இவ்வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்தோருக்கும் இருந்தது.

5. இருபத்தைந்து மடங்கு

1980களின் தொடக்கத்தில் 13 விழுக்காட்டையும் கடந்திருந்த நீண்டகால அரசுப் பத்திர வட்டி, 2012இல் ஏறத்தாழ 3 விழுக்காடாகச் சரிந்தது. வட்டியை மட்டும் நம்பி ஓய்வு பெறுதல் அரிதாயிற்று. இதற்கிடையே 1976இல் ஜான் போகில் பொதுமக்களுக்கென அறிமுகப்படுத்திய குறியீட்டு நிதி, பங்குச் சந்தையைக் குறைந்த கட்டணத்தில் எட்டச் செய்திருந்தது. 1994இல் வில்லியம் பெங்கன், 1926 முதலான சந்தைத் தரவுகளைக் கொண்டு, பங்குகளும் பத்திரங்களும் கலந்த சேமிப்பிலிருந்து முதலாண்டில் 4 விழுக்காடு எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அத்தொகையை உயர்த்தினாலும் 30 ஆண்டுகள் தாங்கும் எனக் காட்டினார். 1998இல் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் மூவரின் ஆய்வு இக்கருத்தை மேலும் பரப்பியது. ஆண்டுச் செலவின் 25 மடங்கு என்னும் இலக்கு இதன் தலைகீழ்க் கணக்கு. ஜேக்கப் லுண்ட் ஃபிஸ்கரின் 2010ஆம் ஆண்டு நூலும், 2011இல் எழுதத் தொடங்கிய பீட்டர் அடனியின் இணையக் கட்டுரைகளும் இளந்தலைமுறையிடையே முன்கூட்டிய ஓய்வைப் பரப்பின.

இக்கணக்கில் மைல்கற்கள் சம தொலைவில் அமைவதில்லை. வருவாயில் பாதியைச் சேமிப்பவர், விலைவாசி நீங்கலாக 5 விழுக்காடு வளர்ச்சி பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுச் செலவின் 5 மடங்கை எட்ட அவருக்கு ஏறத்தாழ 4.6 ஆண்டுகள் ஆகும். 5இலிருந்து 10க்கு 3.7 ஆண்டுகள், 10இலிருந்து 15க்கு 3.2, 15இலிருந்து 20க்கு 2.7, 20இலிருந்து 25க்கு 2.4. மொத்தம் 16.6 ஆண்டுகள். முதற்கல்லே மிகத் தொலைவில் உள்ளது. அதனை எட்டும்வரை முதலீட்டின் துணை சிறிது, உழைப்பின் பங்கு பெரிது. முதல் மைல்கல்லைச் சிறப்பாகக் கொண்டாடும் வழக்கத்துக்கு இக்கணக்கே நியாயம் அளிக்கிறது.

கொண்டாட்டத்தின் எளிமைக்கும் இதே கணக்கு காரணமாகிறது. ஆண்டுதோறும் 100 டாலர் செலவில் நடத்தும் விருந்து ஓய்வுக்குப் பின்னும் தொடருமாயின், அதற்கெனவே 2,500 டாலர் கூடுதலாகச் சேர்த்தல் வேண்டும். ஆதலால் வீட்டில் சமைத்த விருந்து, ஒரு நாள் விடுப்பு, நெடுநடை போன்றவை இக்குறிக்கோளுக்கு இயைந்த கொண்டாட்டங்களாகின்றன.

6. மைல்கல் பின்வாங்கும்போது

அடித்தளம் பங்குகளுக்கு மாறியதும் மைல்கல்லின் உறுதி குலைந்தது. 2007 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறத்தாழ 57 விழுக்காடு வீழ்ந்தது. வீழ்ச்சிக்குமுன் 20 மடங்கை எட்டி, அதனை முழுவதும் பங்குகளில் வைத்திருந்த ஒருவர், புதிதாக ஏதும் சேர்க்காதிருந்தால், 2009 மார்ச்சில் ஏறத்தாழ 9 மடங்கில் நின்றிருப்பார். அவர் கொண்டாடிய இருபது, பதினைந்து, பத்து ஆகிய மூன்று கற்களும் மீண்டும் அவருக்கு முன்னே நின்றன. குறியீடு பழைய உச்சத்தைக் கடக்க 2013 ஆயிற்று. பெங்கனின் கணக்கு 30 ஆண்டுகளுக்கு உரியது. 35 வயதில் விலகுபவருக்கோ 50 ஆண்டுகளுக்கு மேலும் தேவைப்படலாம்.

மைல்கல்லின் உயரத்தைத் தனிமனிதரின் சிக்கனம் மட்டும் தீர்மானிப்பதுமில்லை. முதியோர் மருத்துவக் காப்பீடு 65 வயதில்தான் பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் 2014இல் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, முன்பே நோயுற்றவர்க்குத் தனிநபர் காப்பீட்டைப் பல மாநிலங்களில் நிறுவனங்கள் மறுக்க முடிந்தது. அத்தகையவருக்கு 25 மடங்கு என்னும் கல் பாதையின் முடிவைக் காட்டவில்லை. வருவாய் முழுவதும் வாடகைக்கும் உணவுக்கும் தீர்ந்துவிடும் உழைப்பாளருக்கு முதற்கல்லே கண்ணுக்கு எட்டாதது.

முடிவுரை

நிறுவனங்கள் வகுத்த சேமிப்புக்கு முடிவு நாளும் பொதுநோக்கமும் இருந்தன. அடமானப் பத்திரத்தை எரித்தவர்கள் மீளாத நிகழ்வொன்றைப் பலர் அறியக் கொண்டாடினர். 1992ஆம் ஆண்டின் வரைபடம் சேமிப்பின் வளர்ச்சியை இல்லத்துச் சுவரில் காட்சிப்படுத்தியது. அதன் உறுதி அரசுப் பத்திர வட்டியிலிருந்து வந்தது. பங்குகளுக்கு மாறிய பின் எட்டிய தொகையை மட்டும் கொண்டாடுவது, சேமிப்பவரின் கட்டுப்பாட்டில் இல்லாத சந்தையைக் கொண்டாடுவதாகவும் அமைந்தது.

எனினும் பிராங்க்ளினின் மடல் முதல் டொமிங்கெஸின் கணக்குமுறை வரை மற்றோர் அளவை தொடர்ந்து வந்துள்ளது. தீர்ந்த கணக்குகள், குறைந்த செலவு, தமக்கென மீட்ட நேரம் ஆகியவை சந்தை வீழ்ச்சியால் அழிவதில்லை. தேவையை 40,000 டாலரிலிருந்து 30,000 டாலராகக் குறைத்துக்கொண்டவரின் இலக்கு பத்து இலட்சம் டாலரிலிருந்து ஏழரை இலட்சமாகக் குறைகிறது. வீழ்ச்சிக் காலத்திலும் அக்குறைவு அவருக்குத் துணைநிற்கும். சேமிப்பு குறித்த நாட்குறிப்புகள், மடல்கள், வீட்டுக் கணக்கேடுகள் ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகப் பயன்படுத்தும் ஆய்வாளர், எவ்வளவு சேர்ந்தது என்பதோடு அந்தக் குடும்பம் எந்த நாளைக் கொண்டாடியது, அந்நாளை யாருடைய உழைப்பு இயலச் செய்தது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். தொகைகளின் வரிசை தராத விளக்கத்தை அவ்வினாக்களே தரும்.