சாராயமும் சவண்டலை மரமும்

வேற்றூர் செல்வோர் அவ்வூர் மதுவைச் சுவைத்துப் பார்ப்பதும், பிறநாட்டு மது கப்பலேறி வருவதும் புதியன அல்ல. யவனர் மரக்கலங்களில் கொண்டுவந்த நறுமதுவை அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய பாடல் புறநானூற்றில் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தில் இவ்வழக்கம் எதிர்மாறாக நடந்தது. மேனாட்டு மாலுமி இங்கே வந்து நம் நாட்டு மதுவுக்குப் பழகினான்.

ஆங்கிலக் கடற்படை 1731ஆம் ஆண்டிலேயே ஒரு விதி வகுத்திருந்தது. மாலுமியின் நாட்படியான ஒரு கலன் பியருக்கு ஈடாக அரைப் பைந்து பிராந்தியோ, றம்மோ, சாராயமோ கொடுக்கலாம் என்பது அது. கீழைக் கடல்களில் றம் எளிதிற் கிட்டாது, சாராயமே கிட்டியது. 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1957 ஒக்டோபர் 15இல் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நூற்றறுபது ஆண்டுகளில் இங்கே தங்கிய மாலுமிகளின் பாட்டை எண்ணுங்கால், வெயிலும் காய்ச்சலும் போதாவென்று மதுவும் சேர்ந்ததே என்று இரங்கத்தான் தோன்றுகிறது. குடித்துக் கடமை தவறியவனுக்குக் கசையடி கிடைத்த காலமும் அதில் அடங்கும்.

சாராயத்தின் பிறப்பிடம் தென்னம்பாளை. பாளையைக் கட்டித் தட்டிச் சீவினால் வடியும் இனிய நீர், சுண்ணாம்பு இடாத முட்டியில் சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துக் கள்ளாகும். கள்ளை வடித்தால் சாராயம். புதிதாக வடித்தது தெளிந்த நீர்போல் இருப்பினும் நாவைச் சுடும். அதன் காரம் தணிந்து மணம் ஏறுவது மரப்பீப்பாயினுள்ளே. அப்பீப்பாய்களுக்கு இலங்கையில் பெயர்பெற்ற மரம் சவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்லை. அதே மரத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், திருகோணமலை மரம்!

காரணம் வெளிப்படை. இம்மாவட்டக் காடுகளில் வெட்டிய சவண்டலை இத்துறைமுகத்தின் வழியே சென்னைக்குக் கப்பலேறியது. துறைமுகம் அமையாத அக்காலச் சென்னையில் அலைகளை எதிர்த்துக் கரையேறிய மசூலாப் படகுகளுக்கும் அது பயன்பட்டது. 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ற் இம்மரத்தை வியந்து கூறுகிறார். நேராக வளர்வது, பாரம் குறைந்தது, எளிதில் உளுத்துப் போகாதது. படகுக்கும் பீப்பாய்க்கும் வேறென்ன வேண்டும்?

மரம் மதுவுக்கு மணமூட்டும் செய்தியை யப்பானிலும் காணலாம். (யப்பானியர் திருகோணமலைக்கு வந்ததோ 1942 ஏப்ரல் 9இல், வான்வழியே, குண்டுகளுடன்.) அந்நாட்டுச் சாக்கே அரிசியிலிருந்து ஆக்கப்படுவது, ஊருக்கு ஊர் நீரும் அரிசியும் வேறுபடச் சுவையும் வேறுபடும். நாடா, இத்தாமி ஆகிய இடங்களில் ஆக்கிய சாக்கேயை முற்காலத்தில் சுகி மரப் பீப்பாய்களில் அடைத்து, எடோ நகருக்குக் கப்பலில் அனுப்பினர். கடலில் ஆடி வரும் நாட்களில் மரத்தின் வாசம் மதுவில் இறங்கும். தலைநகரத்தார் அவ்வாசத்தையே விரும்பிக் கேட்டனர். அதன்பொருட்டே இன்றும் சிலர் சாக்கேயைச் சுகிப் பீப்பாயில் இட்டு வைக்கின்றனர். அங்கே யோசினோ மலைச் சுகி என்றால் மரத்தோடு ஊரும் நினைவுக்கு வரும்.

இங்கே அவ்வாறில்லை. கொழும்பிலே சாராயக் குப்பி வாங்கும் பயணிக்கு ஹல்மில்லைப் பீப்பாயைப் பற்றி யாரேனும் சொல்லக்கூடும். அம்மரத்தோடு ஒட்டியிருந்த திருகோணமலை என்னும் பெயர் இன்று பெரும்பாலும் தாவர நூல்களிலேயே காணக்கிடைக்கிறது.