புத்திரனைத் தொலைத்த பெயர்

விரல் நுனிவரை இறகு மூடிய கால்களோடு நடக்கும் பெரிய கோழியை இப்போது நம் ஊர் வீட்டுக் கொல்லைகளிலும் பார்க்கலாம். சேவல் ஐந்தரைக் கிலோ வரை எடை நிற்கும். பெட்டை நாலு கிலோவைத் தாண்டும். வாங்குபவரும் விற்பவரும் அதைப் ‘பிரம்மா’ என்கிறார்கள். புராணத்தில் பிரம்மாவுக்கு வாகனம் அன்னம். சேவலோ முருகனின் கொடியில் இருப்பது. பிரணவத்தின் பொருள் தெரியாமல் முருகனிடம் சிறைப்பட்ட பிரம்மாவின் பேர் ஒரு கோழிக்கு எப்படி வந்தது?

கடவுளிடமிருந்து வரவில்லை, ஓர் ஆற்றிலிருந்து வந்தது. 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கோழிக் கண்காட்சிகளில் இந்தப் பறவைக்கு வழங்கிய பேர் ‘பிரம்ம பூத்ரா’. ‘பர்ரம்பூட்டர்’ என்றும் எழுதினார்கள். அந்நாளைய ஆங்கிலேயர் பிரம்மபுத்திரா ஆற்றை எழுதிய முறை அது. கங்கை, யமுனை, காவிரி எல்லாம் பெண்ணாக இருக்க, ஆணாகப் பேர் கொண்ட ஆறு இது: பிரம்மனின் மகன். நீண்ட பேரை வெட்டிக் கூப்பிடும் வழக்கத்தில் பின்பாதி உதிர்ந்தது. 1870இல் லூயிஸ் ரைட் என்ற ஆங்கிலேயர் இந்த இனத்துக்கென்றே எழுதிய நூலின் தலைப்பில் வெறும் ‘பிரம்மா’தான் இருக்கிறது. 1874இல் அமெரிக்கக் கோழி இனங்களின் தர நூல் வெளிர் பிரம்மா, கரும் பிரம்மா என்று இரண்டைச் சேர்த்துக்கொண்டது. வெட்டியவர்களுக்குப் ‘புத்ரா’ ஓர் ஒலி மட்டுமே. நம் காதில் அது மகன். மகன் போய் அப்பன் பேர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, கோழியாவது அந்த ஆற்றங்கரையிலிருந்து போனதா? அதற்கு ஒரு கதை உண்டு. வங்காளத்து லட்சுமிப்பூரிலிருந்து வந்த கப்பலில் இறங்கிய ஜோடி என்று கனெக்டிகட் மாநிலத்தில் சொன்னார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் பர்ன்ஹாம் ஒப்பவில்லை. இவை ஷாங்காய்க் கோழிகள், சாம்பல் ஷாங்காய் என்பதே சரியான பேர் என்று வாதாடினார். 1852இல் விக்டோரியா அரசிக்கு அவர் ஒன்பது பறவைகளை அனுப்பியதும் அந்தப் பேரில்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் ஆட்டிய கோழிப் பித்தில், துறைமுகத்தின் பேரைவிட வேதம் மணக்கும் ஆற்றின் பேரே நல்ல விலைக்குப் போனது. பர்ன்ஹாம் 1855இல் அந்தப் பித்தைப் பற்றி ஒரு நூலே எழுதி, இந்தப் பேரையும் அதில் கேலி செய்தார். பேர் அசையவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், பேர் முழுப் பொய்யுமல்ல. சாட்சி கோழியின் தலையில் இருக்கிறது. ஷாங்காயிலிருந்து போன இறகுக்கால் கோழிகளுக்கு ஒற்றைக் கொண்டை; கத்திபோல் நிமிர்ந்து பல் பல்லாக இருக்கும். பிரம்மாவுக்கு இருப்பது பட்டாணிக் கொண்டை: தாழ்ந்து, மூன்று வரிசையாகப் படிந்தது. நம் அசில் சண்டைச் சேவலின் கொண்டையும் அந்த வகைதான். ஒற்றைக் கொண்டையோடு சேர்த்தால் பட்டாணிக் கொண்டை மேலோங்கும். ஆகவே இறகுக்காலும் கனத்த உடலும் ஷாங்காய் வழி, கொண்டையும் முன்தள்ளிய புருவமும் வங்காளத்துச் சிட்டகாங்கிலிருந்து போன, அதே வகைக் கொண்டை உள்ள கோழியின் வழி என்று கொள்வதே பொருந்துகிறது. அந்தச் சிட்டகாங்கும் கர்ணபூலி ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. பிரம்மபுத்திராவின் கரையில் இல்லை.

இதன் உறவுக் கோழிக்கும் இதே கதிதான். ‘கொச்சின்’ என்று கேட்டால் நமக்குக் கேரளம் தோன்றும். அந்தப் பேர் ‘கொச்சின் சீனா’ என்பதன் வெட்டு. வியட்நாமின் தென்பகுதிக்கு ஐரோப்பியர் வழங்கிய பேர். நம் கொச்சியோடு குழம்பக் கூடாதென்றே போர்ச்சுகீசியர் சீனாவை ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு உதிர்ந்தது, குழப்பம் திரும்பி வந்தது. கோழியோ வியட்நாமிலிருந்தும் வரவில்லை, அதுவும் ஷாங்காய்தான். நாமும் பேர் வைப்பதில் இப்படித்தான் நடந்திருக்கிறோம். அமெரிக்கக் கண்டத்துக் காயைக் கொண்டுவந்த பறங்கியர் பேரால் பறங்கிக்காய் என்றோம்.

வீட்டில் பிரம்மா வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். குஞ்சு வாங்கும்போது கொண்டையையும் நடுவிரல் இறகையும் பாருங்கள்; நடுவிரல் மொட்டையாக இருந்தால் கலப்பு இருக்கலாம். தரையை ஈரமில்லாமல் வையுங்கள், சேறு இறகில் உருண்டு விரலைக் கெடுக்கும். குஞ்சு விற்கும்போது தாயும் சேவலும் எங்கே வாங்கியவை, எந்த ஆண்டு, என்ன கொண்டை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 170 ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாளை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.