வட டகோட்டாவின் ‘மிகைப்பிழை’: ராபின்சன் கருத்து குறித்து ஒரு மறு ஆய்வு

வட டகோட்டா மாநிலத்தின் மக்கள்தொகையையும் பொருளாதாரத்தையும் ஆட்சியமைப்பையும் பற்றி எழுதும் எவரும் எல்வின் ராபின்சனை எதிர்கொள்ளாமல் நகர முடியாது. 1958இல் வட டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவர் மாநில வரலாற்றின் ஆறு கருப்பொருள்களை வகுத்தார். 1966இல் வெளிவந்த அவரது பெருநூல் அவற்றை விரித்தது. தொலைவு, சார்புநிலை, பொருளாதாரப் பின்னடைவு, தீவிர அரசியல், சூழலுக்கேற்ற தகவமைப்பு என்னும் ஐந்தைப் பற்றி இங்கு விவாதம் இல்லை. ஆறாவதான ‘மிகைப்பிழை’தான் சிக்கலானது. குடியேற்ற வேகத்தில் ஊர்கள், இருப்புப்பாதைகள், வங்கிகள், பள்ளிகள், கல்லூரிகள், உள்ளாட்சிகள் யாவும் அந்த மண் தாங்கக்கூடிய அளவை மீறி எழுப்பப்பட்டன. பின்வந்த வரலாறு அந்த மிகையைக் குறைக்கும் துன்பமான பணியாயிற்று என்பது அவர் கருத்து.

இதில் ஒரு பாதி உண்மை. 1905இல் சூ லைன் நிறுவனம் மாநிலத்தின் வடபகுதியில் கோதுமைக்காகவே ஒரு நெடும்பாதை போட்டது. கிரேட் நார்தர்ன் நிறுவனம் அதற்குப் போட்டியாகக் கிளைப்பாதைகளை இறக்கியது. சில மைல்களுக்கு ஓர் ஊராக முளைத்தது. ஒவ்வோர் ஊரிலும் தானியக் கிடங்கும் வங்கியும் வந்தன. 1920களில் விளைபொருள் விலை சரிந்ததும் நூற்றுக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. இவ்வளவையும் மிகை என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் ராபின்சன் சந்தைப் போட்டியால் பெருகியவற்றையும் சட்டத்தால் நிறுவப்பட்டவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார். இவ்விரண்டும் தோன்றிய காரணமும் வேறு, மறைந்த விதமும் வேறு. கடன் வசூலாகாதபோது வங்கி தானே மூடிக்கொண்டது. அரசமைப்பில் எழுதப்பட்ட கல்லூரி அப்படி மூடிக்கொள்ளவில்லை.

1889ஆம் ஆண்டு அரசமைப்பின் 215, 216ஆம் பிரிவுகளை இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் எந்தெந்த ஊரில் நிரந்தரமாக அமையும் என்பதை அவை வரையறுக்கின்றன: தலைநகர் பிஸ்மார்க்கில், பல்கலைக்கழகம் கிராண்ட் ஃபோர்க்ஸில், வேளாண் கல்லூரி ஃபார்கோவில், மனநல மருத்துவமனை ஜேம்ஸ்டவுனில். ஆசிரியப் பயிற்சிக்கென நடுவண் அரசு தந்த 80,000 ஏக்கரில் வேலி சிட்டிக்கு 50,000, மேவில்லுக்கு 30,000 என்று ஏக்கர்க் கணக்கும் அங்கேயே இருக்கிறது. பழைய படைவீரர் இல்லம் லிஸ்பனுக்கு, கைத்தொழிற்பள்ளி எலன்டேலுக்கு, அறிவியல் பள்ளி வாப்பெட்டனுக்கு. பார்வையற்றோர் பள்ளி பெம்பினா கவுண்டிக்கு என்று மட்டும் சொல்லி, ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அக்கவுண்டி வாக்காளர்களிடம் விட்டது அரசமைப்பு. வனவியல் பள்ளிக்கு மெக்ஹென்றி, வார்ட், போட்டினோ, ரோலெட் என நான்கு கவுண்டிகளைக் குறித்து, வனவியல் பள்ளியோ சட்டமன்றம் முடிவுசெய்யும் வேறொரு நிறுவனமோ என்று வாசகத்தைத் திறந்தே வைத்தது.

மறு ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 190,983. ஃபார்கோவில் இருந்தவர்களே 5,664 பேர். இவ்வளவு சிறிய சமூகம் இத்தனை நிறுவனங்களை எழுதி வைத்ததைப் பார்த்தால் ராபின்சன் சொன்னது சரிதான் என்று முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு தடையோடு முடிகிறது: இவற்றை ஒத்த வேறெந்த நிறுவனத்தையும் அரசமைப்பைத் திருத்தாமல் நிறுவவோ நடத்தவோ கூடாது. எல்லையற்ற வளர்ச்சியை நம்பி மயங்கியவர்கள் இப்படிப் பூட்டுப் போடமாட்டார்கள். பங்கீடு முடிந்தது, இனி எவரும் புதிதாகக் கேட்டு வரவேண்டாம் என்று உறுதிசெய்யும் வாசகம் இது. அதை எழுதியவர்கள் மிகுதியைக் கண்டு அஞ்சினார்கள் என்றே கொள்கிறேன். மிகைப்பிழைக் கருத்துக்குள் இந்த வாசகத்துக்கு இடமே இல்லை.

இதைக் கொண்டு மட்டும் எழுதியவர்களின் நோக்கத்தை நிறுவிவிட முடியாது. 1889 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் அரசமைப்புக்கு ஆதரவாக 27,441 வாக்குகளும் எதிராக 8,107 வாக்குகளும் விழுந்தன. எதிர்வாக்குகள் முழுவதும் இந்தப் பங்கீட்டைக் கண்டித்தவை என்று வாதிட இடமில்லை. பூட்டும் நெடுங்காலம் நிலைக்கவில்லை; மைனாட்டில் 1913இலும் டிக்கின்சனில் 1918இலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ராபின்சன் தரப்புக்கு இது சாதகமல்லவா என்று கேட்கலாம். அல்ல என்பேன். 1900இல் 319,146 ஆக இருந்த மக்கள்தொகை 1910இல் 577,056 ஆயிற்று. மேற்குப் பகுதிக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டனர். திறந்த நாளில் அந்தப் பள்ளிகள் மிகையல்ல. பின்னால் வந்த இழப்பை வைத்து முன்னால் எடுத்த முடிவைப் பிழையென்பது வரலாற்று முறையாகாது.

ராபின்சனின் அளவுகோல் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை. 1930இல் 680,845, அவர் நூலை முடித்தபோது கையிலிருந்த 1960 கணக்கில் 632,446. சுருங்கும் மாநிலத்தையே அவர் கண்டார். ஆனால் 2000இல் 642,200. எழுபது ஆண்டுகளில் மொத்தச் சரிவு ஆறு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மக்கள் வற்றவில்லை, இடம் மாறினார்கள். 1920இல் 4,940 பேர் வாழ்ந்த ஸ்லோப் கவுண்டியில் 2020இல் 706 பேர். அதே ஆண்டில் ஃபார்கோவை உள்ளடக்கிய காஸ் கவுண்டியில் 184,525 பேர், மாநில மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். 160 ஏக்கரே ஒரு குடும்பத்துக்குப் போதுமான பண்ணை என்று 1862இல் வகுத்தது வாஷிங்டன். இன்று இம்மாநிலத்தின் சராசரிப் பண்ணை ஏறத்தாழ 1,500 ஏக்கர். அந்தப் பிழைக்கணக்கைக் குடியேறிகளின் பெயரில் எழுதுவது அநீதி.

ஃபோர்ட் பெர்தோல்டின் மான்டன், ஹிடாட்சா, அரிக்கரா மக்கள் தரப்பிலிருந்து பார்த்தால் ‘மிகை’ என்ற பேச்சே பொருந்தாது. கேரிசன் அணைக்காக அவர்களின் ஆற்றுப்படுகை நிலம் 150,000 ஏக்கருக்கு மேல் பறிபோனது. மருத்துவமனையோடு எல்போவுட்ஸ் ஊரே நீரில் மூழ்கியது. அங்கே நடந்தது பறிப்பு.

சட்டத்தால் பிறந்தவற்றில் 1919இல் தொடங்கிய வட டகோட்டா வங்கியையும் 1922இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் இயங்கத் தொடங்கிய அரசு மாவு ஆலையையும் சேர்க்க வேண்டும். கட்சிசாரா சங்கத்தின் ஆட்சி உருவாக்கியவை இவை. அதன் ஆளுநர் லின் ஃப்ரேசியரை 1921இல் மக்கள் திரும்ப அழைத்தார்கள். வங்கியையும் ஆலையையும் விட்டுவைத்தார்கள். தனியார் வங்கிகள் கூட்டம் கூட்டமாக வீழ்ந்த பத்தாண்டைக் கடந்து இவ்விரண்டும் இன்றும் இயங்குகின்றன. ராபின்சன் இவற்றைத் தீவிர அரசியல் என்ற தலைப்பில் வைக்கிறார். என் பார்வையில் இவை 216ஆம் பிரிவின் மரபைச் சேர்ந்தவை: சந்தை உத்தரவாதம் தராததைச் சட்டத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம்.

சரிவு எப்போது தொடங்கியது என்பதற்கு ஒற்றை ஆண்டைச் சொல்ல நான் துணியமாட்டேன். மாநில அளவில் 1930. ஆனால் மிகப் பழைய குடியேற்றப் பகுதியான பெம்பினா கவுண்டியில் 1900இல் 17,869 பேர், 1910இல் 14,749. மேற்கே நிலம் இன்னும் நிரம்பிக்கொண்டிருந்தபோதே, வறட்சிக்கும் வங்கி வீழ்ச்சிக்கும் முன்பே, இங்கே மக்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். அரசமைப்பு அக்கவுண்டிக்கு அளித்த பார்வையற்றோர் பள்ளி பாத்கேட்டில் 1908இல்தான் திறந்தது, அதாவது மக்கள் குறைந்துகொண்டிருந்த காலத்தில். 1961இல் அது கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு மாற்றப்பட்டது. பெம்பினாவின் இழப்பு மேற்கு நோக்கிய இடப்பெயர்வா, பண்ணைகள் பெருத்ததன் முதல் அறிகுறியா என்பதைக் கவுண்டி மொத்தங்கள் பிரித்துக் காட்டுவதில்லை. இரண்டும் கலந்திருக்கலாம். எதிர்த்திசையில் மெக்கென்சி கவுண்டி எண்ணெயால் 2010இல் இருந்த 6,360இலிருந்து 2020இல் 14,704ஆக உயர்ந்திருக்கிறது. மாநிலமும் 779,094 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. இதைக் காட்டி ராபின்சனை மறுப்பது எளிது, ஆனால் முறையல்ல. எண்ணெய்க் கிணறு நிரப்பிய கவுண்டியைக் கொண்டு கோதுமை காலி செய்த கவுண்டியைப் பற்றி எதையும் நிறுவ முடியாது. அவரோடான வழக்கு 1889க்கும் 1930க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் தீர வேண்டும். அதற்குக் கவுண்டிக்குள்ளும் இறங்கி, டவுன்ஷிப் வாரியாக எண்ணிக்கையைப் படிக்க வேண்டியிருக்கிறது.